மாஸ்டருக்கு அடுத்த ஆள்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். கீழே கையெழுத்துப் போட்டவர்கள் பதினேழு பேர். ஆனால் வாசகங்கள் முழுக்க என்னுடையவை. எத்தனையோ விஷயங்கள் மறந்துவிட்டன, அதில் ஒரு வரிகூட மறக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டு வருடங்கள் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். பிழைக்கத் திருப்பூருக்கு வந்தது அதற்கும் பத்து வருடம் முன்னால். கம்பெனிக்கு எதிரே ஒரு தனியார் கல்லூரி இருந்தது. அதன் வாலிபால் மைதானம் ரோட்டை ஒட்டியே இருக்கும், நடுவில் இடுப்புயரச் சுவர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் முடிந்ததும் சுவரில் இடம் பிடிக்கக் கூட்டம் வந்துவிடும். எங்களில் பெரும்பாலோர் கல்லூரிப் படியையே மிதிக்காதவர்கள். டெய்லர்கள், அயர்ன் போடுகிறவர்கள், சாயப்பட்டறை ஆட்கள். ஆனால் அந்தக் கல்லூரி டீமை 'நம்ம டீம்' என்றுதான் சொல்வோம். அவர்கள் வெளியூருக்கு ஆடப் போனால் நாங்களும் பஸ் ஏறிப் போவோம். தோற்றுத் திரும்பினால் மறுநாள் எனக்குத் துணியில் கத்தி ஓட்ட மனசு வராது.

அந்த டீமை உருவாக்கியவர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கூப்பாடு போடவே மாட்டார். தப்பு செய்த பையனை "இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டு, தோளைப் பிடித்து அவன் நிற்க வேண்டிய பக்கம் திருப்பி விடுவார். அவ்வளவுதான். அவருக்கு உதவியாக ஒருவன் இருந்தான். அதே டீமில் ஆடியவன், பந்தை வலைக்கு மேலே பதமாகத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர். படிப்பு முடிந்து, உடற்கல்விப் படிப்பும் முடித்து, மாஸ்டரிடமே திரும்பி வந்து தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தான். ஏழு வருடம் அப்படியே இருந்தான். ஆட்டத்தை விட்ட பிறகும் எல்லோரும் அவனை லிஃப்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவனும் எங்கள் ஊர்ப் பக்கத்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. வளர்ந்ததெல்லாம் திருப்பூர். மைதானத்தில் 'ஆமாங்க, இல்லீங்க' என்று பேசுவான். என்னைக் கண்டால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "என்னண்ணே, இன்னிக்கு ஷிப்ட் சீக்கிரம் முடிஞ்சிட்டாக்கும்?" என்பான். என்னைவிடப் பத்து வயது இளையவன்.

மாஸ்டர் அந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது. தனக்குப் பின்னால் லிஃப்டரைத்தான் போட வேண்டும் என்று அவர் தாளாளரிடம் கேட்டிருக்கிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. மைதானத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் அடுத்த ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை.

பேக்கரி பெஞ்சில் இரண்டு பேர்தான் எப்போதும் எதிரெதிர் கட்சி. ஒருவர் மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர், வாரம் தவறாமல் மொபெட்டில் வந்துவிடுவார். இன்னொருவர் சொந்தமாக ஒரு சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தவர். அந்தக் கல்லூரியிலேயே படித்தவர், பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். அதனால் அவரை பிரசிடெண்ட் என்போம்.

"இருவத்தஞ்சு வருசம் நல்லாப் பண்ணுனாருங்க. இல்லைன்னு யாரும் சொல்லலீங்க. அதுக்காவ, போறவரே வர்ற ஆளையும் முடிவு பண்ணோணுமுங்களா? காலேஜ் என்ன அவரு தோட்டமுங்களா, எழுதி வெச்சுட்டுப் போறதுக்கு?" என்றார் பிரசிடெண்ட்.

"தோட்டமில்லீங்க," என்றார் தறிக்காரர். "ஆனா எந்தப் பையனுக்கு முட்டி வலி, எவன் காலைல சாப்பிடாம ஊட்ல இருந்து ஓடியாறான், இதெல்லாம் அவருக்கும் இந்தத் தம்பிக்கும்தானுங்க தெரியும். புதுசா வர்றவருக்கு அது தெரியறதுக்கே மூணு வருசம் ஆயிருமுங்க."

"தெரிஞ்சுக்கட்டுமுங்க. பேப்பர்ல விளம்பரம் குடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டுப் பாத்து எடுக்கட்டும். அதுதானுங்க நாயம்."

அன்றைக்கு நான் தறிக்காரர் பக்கம். மாஸ்டர் சொல்வதுதான் சரி, அந்தத் தம்பியை விட்டால் வேறு ஆள் கிடையாது என்றேன். பிரசிடெண்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க. உங்க பக்கத்து ஆளாச்சுங்களே."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. வேறு ஊரில் பிழைக்க வந்தவனுக்கு, தன் ஊர் ஆட்களுக்காகக் கட்சி பேசுகிறான் என்ற பேச்சு மிகவும் உறுத்தும். பதினைந்து வருடமாக நான் அந்த ஊரில் சேர்த்து வைத்திருந்ததே 'நாயமான ஆளுங்க' என்ற பெயர் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு நான் மறுபக்கம் பேசினேன். யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தேன். ஒரு மனிதர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், போகிறபோது நாற்காலியையும் சேர்த்துப் பங்கு வைக்கக் கூடாது என்றேன். லிஃப்டர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்தான், ஆனாலும் நான் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். பெஞ்சு அமைதியாகக் கேட்டது. எனக்குப் பேச்சு வரும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பேசப் பேச, முந்தின வாரம் நான் நம்பியது என்ன என்பதே மங்கிப் போனது.

"இதுதானுங்க மனுசன் பேசற பேச்சு," என்று பிரசிடெண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்த ஊர்க்காரன்னும் பாக்காம சொல்றாரு பாருங்க. இதை அப்படியே எழுதிக் குடுங்க. ரசிகர்கள் சார்பா தாளாளர்கிட்டக் குடுத்தரலாம்."

எழுதினேன். முதல் பக்கம் பொதுவான நியாயம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் லிஃப்டரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பார்களோ என்று இரண்டாவது பக்கத்துக்குப் போனேன்.

முந்தின வருடம் ஈரோட்டில் ஒரு இறுதி ஆட்டம். மாஸ்டருக்குக் காய்ச்சல், லிஃப்டர்தான் டீமை நடத்தினான். நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது செட்டில் கேப்டனின் தோள் பிடித்துக்கொண்டது. அவன் அடித்த பந்துகள் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. மாற்று ஆட்டக்காரன் ஓரத்தில் துள்ளிக்கொண்டு நின்றான். லிஃப்டர் அவனை இறக்க எழுந்தான், உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான், உட்கார்ந்தான். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அதை எழுதினேன். 'அவர் நல்ல லிஃப்டர். பிறர் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தே பழகியவர். ஆட்டம் கைநழுவும் நேரத்தில் தானாக ஒரு முடிவெடுக்கும் துணிவு அவரிடம் இல்லை. ஈரோட்டில் மாற்று ஆளை இறக்க இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.'

மாஸ்டரும் இப்படித் திகைத்து உட்கார்ந்திருந்த ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதவில்லை. மற்றபடி லிஃப்டர் நடத்திய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்தோம் என்பதையும் எழுதவில்லை.

தறிக்காரர் கடிதத்தை முழுதாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"நான் போடலீங்க," என்றார். "ரெண்டாவது பக்கம் வேண்டாமுங்க. அந்தத் தம்பி படிச்சா தாங்கமாட்டானுங்க."

"அவன் எங்க படிக்கப் போறான்? தாளாளருக்குல்ல குடுக்கோம்," என்றேன்.

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் அவர் அதற்குப் பிறகு பேக்கரிக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் வந்து சொன்னதும் கை கழுவாமலே ஓடினேன். எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

"தாளாளர் கடுதாசியைக் காட்டுனாருங்க," என்றார். "நீங்க எழுதுனதுன்னு பிரசிடெண்ட் சொன்னாரு. சண்டைக்கு வரலீங்க."

"நாங்க பொதுவாத்தான் சார்..." என்று இழுத்தேன்.

"மொதல் பக்கத்துல ஒண்ணும் தப்பில்லீங்க. போறவன் வாயை மூடிட்டுப் போறதுதான் மரியாதை. நானும் யோசிச்சேன். ஆனா எனக்கு அவன் வேணும்னு கேக்கலீங்க. எனக்கு என்னுங்க, நான் தோட்டத்துக்குப் போயிருவேன். பசங்களுக்கு அவன் வேணும்னுதானுங்க கேட்டேன்." எதிரே மைதானத்துச் சுவரைக் கைகாட்டினார். "வருசா வருசம் சுவத்து மேல உக்காந்து பாக்கறவங்களே வேண்டாம்னு சொல்றப்போ, நான் இனிப் பேசறது நல்லா இருக்காதுங்க. தாளாளர்கிட்ட, உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சார், இரண்டாவது பக்கம் நான் வீம்புக்கு எழுதியது, நானே வந்து தாளாளரிடம் சொல்கிறேன் என்று. வாயில் வந்ததுதான். ஆனால் பதினேழு பேர் கையெழுத்தும் பிரசிடெண்ட் பிடித்த கையும் நினைவுக்கு வந்தன. "சரிங்க சார்," என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து போனார்.

விளம்பரம் வந்தது, இண்டர்வியூ நடந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவருக்குத் தெரிந்த ஆளைப் போட்டார்கள். அந்த முடிவு முன்பே ஆகியிருந்தது என்றும், கடிதம் அவர்களுக்கு வசதியாகக் கிடைத்தது என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அப்படியே இருந்தாலும் வசதி செய்து கொடுத்தவன் நான். புது ஆள் வாரத்தில் இரண்டு நாள் மைதானத்துக்கு வருவார், மற்ற நாள் அலுவலகத்தில் இருப்பார். கெட்ட மனிதர் அல்ல. வாலிபாலில் அவருக்கு ஈடுபாடு இல்லை, அவ்வளவுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் பையன்களைச் சேர்ப்பது நின்றது. இரண்டு வருடத்தில் மைதானத்தின் பாதியில் கல்லூரி பஸ்களை நிறுத்தினார்கள். சுவரில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கலைவோம். பிறகு அதுவும் நின்றது.

லிஃப்டரின் தற்காலிக வேலையை அந்தக் கல்வியாண்டோடு முடித்துவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒருநாள் காலை எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தான்.

"ஏதாச்சும் ஸ்கூலுக்குக் கேட்டுப் பாக்க வேண்டியதுதானே தம்பி?" என்றேன்.

"பாக்கலாம்ணே. இப்போதைக்கு இங்க ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க," என்றான்.

என் மேஜையிலேயே அவனைச் சேர்த்துக்கொண்டேன். கட்டிங் மேஜை நீளமானது. துணியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்து, சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க வேண்டும், லே போடுவது என்போம். அதற்கு எதிரெதிர் பக்கம் இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். உயரமான ஆள், நீண்ட கைகள். மூன்றே நாளில் வேலையைப் பிடித்துக்கொண்டான். துணியின் ஓரம் கோணினால் நான் சொல்லும் முன்பே சரி செய்வான். ஒன்றரை வருடம், தினமும் முழு ஷிப்ட், ஒரே துணியின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊர்க்கதை பேசுவான், குழந்தை பேசிய மழலையைச் சொல்லுவான். வாலிபால் பற்றி ஒரு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே வரும்போது மைதானத்துப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விடுவான்.

மாஸ்டர் அவனை விடவில்லை. குண்டடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குச் சொல்லி வைத்து, ஆள் மூலம் செய்தி அனுப்பினார். அங்கே மைதானம் இருக்கிறது, பையன்கள் உயரமாக இருக்கிறார்கள், வந்து சேர்ந்தால் போதும் என்று. லிஃப்டர் போகவில்லை. எனக்கு அது தெரிய வந்தது மாஸ்டர் என் செல்போனுக்குப் பேசியபோதுதான். "நீங்க அவனுக்கு ஊர்க்காரருங்க. நீங்க சொன்னாக் கேப்பானுங்க," என்றார். அவர் குரலில் என்மேல் துளி கோபம் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். துணிப் பொதிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏன்டே போகமாட்டேங்கெ? ஆயுசு முழுக்க லே போட்டுக்கிட்டே இருக்கப் போறியா?"

"எனக்கு அது சரிப்படாதுண்ணே."

"ஏழு வருசம் சரிப்பட்டுச்சுல்லா?"

டிபன் பாக்ஸை மூடி வைத்தான். "இண்டர்வியூல ஒரு லெட்டரை வாசிச்சுக் காட்டுனாக. ரசிகர்க எழுதுனது. நான் ஈரோட்டுல ரெண்டு தடவ எந்திச்சு உக்காந்ததை அதுல எழுதிருந்தாக. அத யாரும் பாக்கலைன்னு நெனச்சிருந்தேன்ணே. மாஸ்டர்கிட்ட கூட நான் சொல்லல. அந்தக் கேப்டன் பையன் தோளு அன்னைலருந்து சரியாவே ஆகல, தெரியுமா? நான் முன்னாலயே மாத்து ஆள எறக்கிருந்தா ஆட்டத்தையும் ஜெயிச்சிருக்கலாம், தோளும் தப்பிச்சிருக்கும். எழுதுனவுக ஆட்டம் தெரிஞ்சவுக. தெரியாதவன் எழுதிருந்தா நான் தொடச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

அவன் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. டாக்டர் சொன்ன வியாதியைச் சொல்வதுபோலச் சொன்னான்.

எழுதியது நான்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. குண்டடம் பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருக்கும் நாட்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாலாம் நாள், துணி விரித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"தம்பி, அந்த லெட்டர எழுதுனது நான்தான்."

அவன் கை நின்றது. ஓரத்தை விடவில்லை.

"உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஊர்க்காரன்னு ஒனக்குப் பரிஞ்சு பேசுதேன்னு பேக்கரியில சொல்லிட்டாக. அந்த ரோஷத்துல எழுதுனேன். ரெண்டாவது பக்கம் எல்லாம் வீம்புக்கு எழுதுனது. நீ அத நம்பாத. நீதான் சரியான ஆளுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் முகத்தில் வந்தது வேறு. எங்கோ மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்துபோன மாதிரி ஒரு தெளிவு.

"நீங்களாண்ணே," என்றான். "பொறத்தால உக்காந்திருந்தீங்கல்லா அன்னிக்கு. மறந்துட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்போ அது சரிதாண்ணே. எங்க ஆட்டம் ஒண்ணு விடாமப் பாத்தவுக நீங்க. என்னைப் பிடிக்காதவன் எழுதிருந்தாக்கூட வேற. நம்ம ஊர்க்காரரே மனசு கேக்காம எழுதியிருக்கீகன்னா, அதுல பொய் இருக்காது."

"இல்லடே, நான் சொல்லுதத கேளு..."

"ஒழுங்காப் பிடிங்கண்ணே, ஓரம் கோணுது," என்றான்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் இப்போது சொல்வதெல்லாம் இரக்கத்தில் சொல்வதாகவும், கடிதத்தில் எழுதியது மட்டுமே என் உண்மையான எண்ணமாகவும் அவன் எடுத்துக்கொண்டான். அதை மாற்ற எனக்கு வழி கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு குன்னத்தூருக்குப் போய் மாஸ்டரைப் பார்த்தேன். மாட்டுக்குத் தீவனம் அறுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், அவனிடம் ஒரு தடவை நேரில் வந்து பேசுங்கள் என்று கெஞ்சினேன்.

"மூணு தடவை அவன் ஊட்டுக்கே போய்ப் பேசிட்டேனுங்க," என்றார். "நீங்க எழுதுனதுன்னு நான் அவங்கிட்டச் சொல்லலை. தெரிஞ்சா அவனுக்கு ஊர்க்காரர்னு இருக்கற ஒரு ஆளும் இல்லாமப் போயிருமேன்னு சொல்லலீங்க." அரிவாளைக் கீழே வைத்தார். "அந்த ஸ்கூல்ல போன வெள்ளிக்கிழமை வேற ஆளைப் போட்டுட்டாங்க."

மாஸ்டர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடிக்காமல் எழுந்தால் தப்பாக நினைப்பார்களே என்று குடித்தேன். பஸ் நிறுத்தம்வரை மாஸ்டர் கூடவே வந்தார்.

அடுத்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. எங்கள் கம்பெனியில் பாதி மேஜைகள் நின்றன. முதலில் யாரை நிறுத்துவது என்று மேனேஜர் என்னைக் கேட்டபோது, அவன் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. அவனே வந்து, எங்கள் கோவில்பட்டிப் பக்கமே இருக்கிற மனைவியின் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டான். அங்கே மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். குழந்தையைத் தோளில் போட்டிருந்தான். கடைசியாக ஒரு தடவை சொன்னேன்.

"அங்க பக்கத்துல ஏதாச்சும் கிரவுண்டு இருக்கும். பயலுவளுக்குச் சும்மாவாச்சும் சொல்லிக்குடு."

"நான் என்னத்தண்ணே சொல்லிக்குடுக்க," என்று சிரித்தான். சிரிப்பில் வன்மம் எதுவும் இல்லை. "மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாச் சொல்லுங்க."

பஸ் கிளம்பியதும் கைகாட்டினான்.

கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டிருந்தோம். நலமா, மழை உண்டா என்கிற அளவில். பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. ஊருக்குப் போகும்போது தேடிப் போகலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். போய் எதைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.